முதலில் அலமாரி, பிறகு அண்டா

இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிப்பது ஒரு பொழுதுபோக்கு. "காய்ச்சுவது" என்றதும் ஊறல், போலீஸ், லாரி டியூப் என்றெல்லாம் ஞாபகம் வந்து பதற வேண்டாம். அங்கே அது சட்டப்படி சரி. 1880-ல் கிளாட்ஸ்டன் அரசு கொண்டுவந்த சட்டம், வீட்டுக்குக் காய்ச்சுகிறவர்களிடமும் உரிமம் கேட்டது. 1963-ல் நிதியமைச்சராக இருந்த ரெஜினால்ட் மாட்லிங் அந்த உரிமத்தை எடுத்துவிட்டார். விற்கக் கூடாது, அவ்வளவுதான். அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் வழி திறந்தது. (தமிழ்நாட்டில் இருந்து படிக்கிறவர்களுக்கு: 1937-ம் வருட மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே இது உங்களுக்குச் செய்முறை அல்ல, வெறும் வாசிப்பு!)

சரி, விஷயத்துக்கு வரலாம். இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் ஆள் எதற்குச் செலவு செய்கிறார் என்று பாருங்கள். முதலில் ஒரு சின்ன அண்டா. ஆறு மாதத்தில் அது போதவில்லை என்று பெரிய ஸ்டீல் அண்டா. பிறகு பார்லியை உடைக்க ஒரு மில். பிறகு நியூசிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும் ஹாப்ஸ் பூ. அப்புறம் தண்ணீரில் கலக்க விதவிதமான உப்புகள். சனிக்கிழமை முழுக்க அடுப்படியில் நின்று, தெர்மாமீட்டரும் கையுமாக, 66 டிகிரியா 67 டிகிரியா என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறார். ராத்திரி எட்டு மணிக்கு எல்லாம் முடிந்து, 23 லிட்டர் திரவத்தை மூடி போட்ட பிளாஸ்டிக் பக்கெட்டில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, பக்கெட்டை எங்கே வைக்கிறார்? மாடிப்படிக்குக் கீழே! செருப்புகளுக்கும் வேக்குவம் கிளீனருக்கும் நடுவில்!

இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் நெயில் பாலிஷ் வாசனை. அல்லது பழுத்த வாழைப்பழம். அல்லது குடித்த மறுநாள் மண்டையைப் பிளக்கிற ஒரு காட்டம். செய்முறையில்தான் ஏதோ தப்பு என்று முடிவு செய்து, இன்னும் கொஞ்சம் பெரிய அண்டா வாங்குகிறார். நாலைந்து முறை இப்படி நடந்தால், "இது நமக்கு ஒத்துவராது" என்று எல்லாவற்றையும் பரணில் போட்டுவிடுகிறார். எத்தனையோ பேர் இந்தப் பழக்கத்தை விட்டது இப்படித்தான். அந்த ஆளிடம் திறமை இல்லாமல் போகவில்லை. பணத்தையும் கவனத்தையும் தலைகீழ் வரிசையில் போட்டார், அவ்வளவுதான். முதல் செலவு அண்டா அல்ல. ஈஸ்ட் வேலை செய்யும் அந்த இரண்டு வாரமும் பக்கெட்டை ஒரே சூட்டில் வைத்திருக்கும் அலமாரிதான் முதல் செலவு. அதையும் கடையில் வாங்க வேண்டாம்; ஒரு பழைய ஃபிரிட்ஜில் தானே செய்துகொள்ளலாம்.

கொஞ்சம் யோசித்தால் காரணம் எளிது. மனிதன் பீர் செய்வதே இல்லை. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவைத்தால் கிடைப்பது கசப்பு கலந்த இனிப்புத் தண்ணீர். ஆங்கிலத்தில் வோர்ட் என்பார்கள். அதைப் பீராக்குவது ஈஸ்ட். ஏல் வகைக்கான ஈஸ்ட்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை பிடிக்கும். லாகர் ஈஸ்ட்டுக்கு 8 முதல் 13 வரை. சூடு ஏறினால் ஈஸ்ட் வேகமாகப் பெருகும். அந்த வேகத்தில் தேவையில்லாத எஸ்டர்களையும் கனமான ஆல்கஹால்களையும் கக்கிவிடும். வாழைப்பழ வாசனை ஐசோஅமைல் அசிடேட். நெயில் பாலிஷ் எத்தில் அசிடேட். சூடு குறைந்தால் பாதியில் தூங்கிவிடும். முழுதாகப் புளிக்காத இனிப்பு நிற்கும், டைஅசிடைல் என்ற வெண்ணெய் வாசனையும் தங்கிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஈஸ்ட் தானே வெப்பம் உண்டாக்குகிறது. ஒரு பக்கெட்டில் உச்சத்தில் சில வாட் அளவுதான், ஒரு இரவு விளக்கு மாதிரி. ஆனால் மூடிய பிளாஸ்டிக் பக்கெட்டில் அது வெளியேற வழியில்லாமல், உள்ளே இருக்கும் சூடு அறையின் சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி எளிதாக ஏறிவிடும். அறையின் தெர்மாமீட்டர் 21 காட்டுகிறது, எல்லாம் சரி என்று ஆள் நிம்மதியாக இருப்பார். பக்கெட்டுக்குள் 25. அதுவும் எப்போது? முதல் இரண்டு மூன்று நாட்களில். வாசனையின் பெரும்பகுதி தீர்மானமாவது அந்த நாட்களில்தான். அந்த சமயத்தில் ஆள் ஆபீசில் இருக்கிறார்.

பிரிட்டனில் இந்தத் தப்புக்கு ஒரு பரம்பரையே உண்டு. அங்கே பழைய வீடுகளில் வெந்நீர் சிலிண்டர் இருக்கும் ஒரு உள் அலமாரி இருக்கும். துவைத்த துணியை அதில் அடுக்கி ஈரம் போக்குவார்கள். ஏரிங் கப்போர்டு என்று பெயர். பக்கெட்டை அங்கே வை என்பது அந்தக் காலத்து வீட்டு பீர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த புத்திமதி. கதகதப்பாக இருந்தால் சீக்கிரம் புளிக்கும் என்பது கணக்கு. சீக்கிரம் புளிக்கும், உண்மைதான். பாய்லர் ஓடும்போது ஒரு சூடு, நின்றபின் ஒரு சூடு என்று ராப்பகலாக ஏறி இறங்கினால் ஈஸ்ட்டுக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டு பீர் என்றாலே மூக்கைப் பிடித்துக்கொள்ளும் கெட்ட பெயர் பிரிட்டனில் வந்ததற்கு மட்டமான டின் மால்ட்டும் சர்க்கரையும் ஒரு காரணம் என்றால், அந்தத் துணி அலமாரி இன்னொரு காரணம்.

"ஃபிரிட்ஜ் இல்லாத காலத்தில் பீர் காய்ச்சவில்லையா?" என்று ஒரு கேள்வி வரும். எப்போதும் வரும். காய்ச்சினார்கள், ஆனால் கோடையில் இல்லை. ஜெர்மனியின் பவேரியாவில் 1553-ல் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் ஒரு ஆணை போட்டார்: ஏப்ரல் 23-லிருந்து செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சக் கூடாது. கோடையில் காய்ச்சினால் கெட்டுப்போகிறது என்று அனுபவத்தில் தெரிந்திருந்தது. ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. அந்தத் தடை 1850 வரை இருந்தது! கிட்டத்தட்ட முந்நூறு வருடம். கோடைக்கு வேண்டியதைக் குளிர்காலத்திலேயே காய்ச்சி, நிலவறை தோண்டி, குளத்துப் பனிக்கட்டியை வெட்டி வந்து அடுக்கி, அறைக்கு மேலே நிழலுக்கு மரம் வைத்துக் காப்பாற்றினார்கள். லாகர் என்ற சொல்லே சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்ததுதான். 1870-களில் கார்ல் ஃபான் லிண்டே குளிரூட்டும் எந்திரத்தைச் செய்து பார்த்தது எங்கே தெரியுமா? மியூனிக்கில், ஸ்பாட்டன் பீர் ஆலையில். இன்று வீட்டில் பாலும் வெண்டைக்காயும் வைக்கிற ஃபிரிட்ஜுக்கு முன்னோடிகளில் ஒன்று பீர் புளிக்கும் அறைக்காக வந்தது. ஆகவே பழைய ஃபிரிட்ஜில் பக்கெட்டை வைப்பதை ஃபிரிட்ஜுக்குச் செய்யும் அவமரியாதையாக யாரும் நினைக்க வேண்டாம், அது தாய்வீடு திரும்புகிறது :-)

(போகிற போக்கில்: லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பு இனம். ஏல் ஈஸ்ட்டுக்கும் குளிர் தாங்கும் இன்னொரு காட்டு ஈஸ்ட்டுக்கும் பிறந்தது. அந்தக் காட்டு ஈஸ்ட் அர்ஜென்டினாவின் படகோனியா காடுகளில் இருப்பதை 2011-ல் அறிவித்தார்கள். குளிர் கேட்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது.)

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்த விஷயம் புதிதல்ல. சென்னையில் ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பாத்திரத்தைத் தாண்டி வழியும். லண்டனில் ஜனவரியில் அதே மாவு, அதே அளவு உளுந்து, காலையில் அப்படியே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். அங்கே போன அம்மாக்கள் முதலில் உளுந்தைத் திட்டி, பிறகு அரிசியைத் திட்டி, கடைசியில் மாவுப் பாத்திரத்தை அவனுக்குள் வைத்து, அவனைப் போடாமல் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் எரியவிடக் கற்றுக்கொண்டார்கள். புளிப்பு அலமாரியின் தத்துவம் முழுதும் அந்தப் பல்பில் இருக்கிறது. இட்லிக்காரர்களுக்குச் சூடு மட்டும் போதும். பீர்க்காரருக்கு சூடும் வேண்டும், குளிரும் வேண்டும், எது எப்போது என்று சொல்ல ஒரு ஆளும் வேண்டும்.

அந்த ஆள்தான் கன்ட்ரோலர். ஃபிரிட்ஜில் ஏற்கெனவே இருக்கும் தெர்மோஸ்டாட் 2 முதல் 8 டிகிரி வரைதான் யோசிக்கும். 19 டிகிரி என்றால் அதற்குப் புரியாது. எனவே ஃபிரிட்ஜை எப்போதும் ஓடும்படி வைத்துவிட்டு, வெளியே இருந்து அதற்குப் போகும் மின்சாரத்தை இன்னொரு கன்ட்ரோலர் திறந்து மூட வேண்டும். இரண்டு பிளக் உள்ள கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன: ஒன்றில் ஃபிரிட்ஜ், மற்றொன்றில் ஹீட்டர். உள்ளே சூடு 19.5-ஐத் தாண்டினால் ஃபிரிட்ஜ் ஓடும், 18.5-க்குக் கீழே போனால் ஹீட்டர் எரியும். நடுவில் இரண்டும் சும்மா இருக்கும். ஹீட்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தோட்டத்துக் கண்ணாடிக் கொட்டகைகளில் செடிக்கு வைக்கும் நாற்பது ஐம்பது வாட் குழாய் ஹீட்டர் போதும். முன்பெல்லாம் குண்டு பல்பு வைப்பார்கள்; வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் வரும் என்பதால் பல்பை ஒரு டின்னுக்குள் ஒளித்துவைப்பார்கள். ஐரோப்பாவில் 2009 முதல் குண்டு பல்புகளைப் படிப்படியாக நிறுத்திவிட்டதால் அந்தக் கைவேலையும் போய்விட்டது.

எல்லாரும் தப்பு செய்கிற இடம் சென்சார். அதை ஃபிரிட்ஜுக்குள் காற்றில் தொங்கவிட்டால், காற்று 19-ல் இருக்கும், பக்கெட்டுக்குள் 22 ஓடிக்கொண்டிருக்கும். கன்ட்ரோலர் காற்றை ஆள்கிறதே தவிர பீரை அல்ல. மாடிப்படிக்குக் கீழே வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, கரண்ட் பில் மட்டும் கூடுதல். சரி என்று சென்சாரைத் திரவத்துக்குள்ளேயே விட்டால் வேறு கூத்து. 23 லிட்டர் திரவம் மெதுவாகத்தான் குளிரும். அது 19-க்கு வருவதற்குள் சுற்றியுள்ள காற்று 4 டிகிரிக்குப் போயிருக்கும். ஃபிரிட்ஜ் நின்ற பிறகும் அந்தக் குளிர்ந்த காற்று திரவத்தை இழுத்துக்கொண்டே போய் 18-க்குக் கீழே தள்ளும். உடனே ஹீட்டர் எரியும். அது சூடாக்கி முடித்து நின்றபின் மேலே ஏறும். உடனே ஃபிரிட்ஜ். இரண்டும் மாமியார் மருமகள் மாதிரி ராத்திரி முழுக்க சண்டை போடும். நடைமுறையில் சரிப்படுவது நடுவழி: சென்சாரைப் பக்கெட்டின் வெளிச்சுவரில், திரவ மட்டத்துக்குக் கீழே, டேப் போட்டு ஒட்டி, அதன் மேல் ஒரு கைப்பிடி தெர்மோகோலோ மடித்த துணியோ வைத்து மூடிவிட வேண்டும். காற்று அதைத் தொடாது, பக்கெட்டின் சூடு மட்டும் தெரியும். மேலும் கீழும் அரை டிகிரி இடைவெளி விட்டால் சண்டை ஓயும்.

0.1 டிகிரிக்குப் பிடித்துக் காட்டுகிறேன் என்று கம்ப்யூட்டரில் கோடு வரைந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வரைந்துகொள்ளட்டும், அது அவர்கள் சந்தோஷம். ஈஸ்ட்டுக்கு அது தெரியாது. அதற்குத் தெரிவது மூன்று நான்கு டிகிரி ஏற்றமும் இறக்கமும்தான்.

இன்னொன்று, கம்ப்ரஸரைப் பற்றி. நின்றவுடனே மறுபடி கிளப்பினால் உள்ளே அழுத்தம் சமமாகாமல் முக்கும், சீக்கிரம் எரிந்துபோகும். கன்ட்ரோலர்களில் இதற்கென்றே சில நிமிட தாமதம் வைத்திருப்பார்கள். பலர் அதைப் பூஜ்யத்தில் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடமாவது வையுங்கள்.

பழைய ஃபிரிட்ஜ் எங்கே? அங்கே ஊரெங்கும் கிடைக்கிறது. வீடு மாறுகிறவர்கள், சமையலறையைப் புதுப்பிக்கிறவர்கள் எடுத்துப் போனால் போதும் என்று கொடுத்துவிடுகிறார்கள். ஃபிரீஸர் பெட்டி இல்லாத, மேடைக்கு அடியில் வைக்கிற உயரமுள்ள ஃபிரிட்ஜ்தான் வசதி. ஆனால் பின்பக்கம் கீழே கம்ப்ரஸருக்காக உள்ளே ஒரு திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், பக்கெட் அதில் இடிக்கும். ஆகவே போகும்போது இஞ்சி டேப்பும், முடிந்தால் பக்கெட்டையும் எடுத்துப் போவது நல்லது. ஒயர் நுழைக்க ஓட்டை போடுகிறவர்கள் கவனிக்கவேண்டியது: பல ஃபிரிட்ஜ்களில் பக்கச் சுவருக்குள்ளேயே வாயுக் குழாய் ஓடுகிறது. இப்போது வருபவற்றில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன், எரியும் வாயு. துளைத்தால் ஃபிரிட்ஜும் போச்சு, அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் புருவமும் போச்சு. கதவில் குழாய் கிடையாது. அல்லது ஓட்டையே வேண்டாம், கதவு ரப்பரின் இடுக்கில் மெல்லிய ஒயர் போய்விடும்.

கையால் செய்வதை ஆதரிக்கிறபோதே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஸ்டிசி 1000 என்று ஒரு மலிவு கன்ட்ரோலர் ரொம்பப் பிரபலம். அது வெறும் பலகை. பின்னால் ஸ்குரூ முனைகள், அவற்றில் 230 வோல்ட். அதை மூடப் பெட்டி வாங்கணும், எர்த் கொடுக்கணும், ஃபியூஸ் வைக்கணும். இதைச் சாப்பாடு பார்சல் வந்த பிளாஸ்டிக் டப்பாவில் சொருகி, ஈரமான ஃபிரிட்ஜ் தலையில் வைத்துவிட்டுப் படம் எடுத்துப் பெருமைப்படுகிறவர்கள் உண்டு. பெருமைப்பட அதில் ஒன்றுமே இல்லை. ஒயரிங் தெரியாதவர், இங்க்பேர்ட் மாதிரி பிளக் சொருகினால் ஓடும் கன்ட்ரோலரைக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கிவிடலாம். அந்த விலை வித்தியாசம் இரண்டு பாக்கெட் ஹாப்ஸுக்கு மேல் போகாது.

அப்படியானால் எல்லாம் சேர்ந்த ரெடிமேட் எந்திரத்தையே வாங்கினால் என்ன? கூம்பு வடிவ ஸ்டீல் தொட்டி, குளிர்ந்த கிளைகால் ஓடும் குழாய், கைபேசியிலேயே சூட்டை மாற்றலாம். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த விலையில் பத்து பழைய ஃபிரிட்ஜ் அலமாரிகள் செய்யலாம், பக்கெட்டுக்குள் இருக்கும் ஈஸ்ட் எந்த வித்தியாசமும் காட்டாது. கரண்ட் செலவைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்களும் உண்டு. ஃபிரிட்ஜ் 4 டிகிரிக்கு உழைக்கிறபோதுதான் செலவு. 19 டிகிரிக்கு, 20 டிகிரி அறையில், அது நாளெல்லாம் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். லாகர் போட்டால் கொஞ்சம் ஏறும்.

ஒரு எதிர்வாதம் மட்டும் நியாயமானது. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாக வைத்துப் பழக்கிய க்வைக் என்ற ஈஸ்ட் வகை உண்டு. 30, 35 டிகிரியிலும் சுத்தமாக வேலை செய்யும், இரண்டு மூன்று நாளில் முடித்தும் விடும். பெல்ஜியத்தின் செய்ஸான் ஈஸ்ட்களுக்கும் சூடு பிடிக்கும். அலமாரி வைக்க இடமே இல்லாத ஒற்றை அறை வாசிக்கு இவை வரப்பிரசாதம். அதுகூட இல்லாதவர் பக்கெட்டை ஒரு தொட்டித் தண்ணீரில் நிறுத்தி, பழைய பனியனை நனைத்துப் போர்த்தி, காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் மாற்றலாம். மண்பானை குளிர்கிற அதே வழி. வேலை செய்யும். ஆனால் இங்கிலீஷ் பிட்டரோ ஜெர்மன் பில்ஸ்னரோ வேண்டும் என்கிறவர் க்வைக் போட்டுச் சமாதானமாக முடியாது, ஐஸ் பாட்டிலை இரண்டு வாரம் மாற்றும் பொறுமை மூன்றாவது தடவை இருக்காது.

அலமாரி வந்துவிட்டால் வேறு சில காரியங்களும் கைகூடும். 18-ல் ஆரம்பித்து, கொந்தளிப்பு அடங்கியதும் 20, 21-க்கு ஏற்றினால் ஈஸ்ட் தான் போட்ட குப்பையைத் தானே பொறுக்கும், வெண்ணெய் வாசனை போய்விடும். லாகரை 10-ல் புளிக்கவைத்து, முடியும் தறுவாயில் 16-க்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சில வாரம் ஊறவிடலாம். இவையெல்லாம் புத்தகத்தில் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்ட விஷயங்கள், இப்போது இரண்டு பட்டனை அமுக்கும் வேலை. அதே செய்முறையை இரண்டாம் முறை செய்தால் அதே ருசி வரும் என்பதும் அப்போதுதான். அதற்கு முன்பு செய்முறையை மாற்றிப் பார்த்ததெல்லாம் வீண், எது ஹாப்ஸால் வந்தது, எது வெயிலால் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

எங்கே வைப்பது என்பதுதான் மிச்சம். வீட்டுக்காரம்மா சமையலறையில் இடம் தரமாட்டார் (நியாயம்தான்), எனவே கராஜ். ஆனால் ஃபிரிட்ஜ்களும் குறிப்பிட்ட சூட்டு எல்லைக்குள் ஓடும்படி செய்யப்பட்டவை. உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் எஸ்என் என்று இருந்தால் 10 முதல் 32 டிகிரி அறைக்கு, என் மட்டும் என்றால் 16 முதல் 32 வரை. இங்கிலாந்துக் கராஜ் ஜனவரியில் இதற்கெல்லாம் கீழே போய்விடும். ஏல் போடுகிறவருக்குக் கவலையில்லை, அந்த மாதத்தில் ஹீட்டர்தான் ஓடும், ஃபிரிட்ஜ் வெறும் கனமான பெட்டி. மூடியே இருப்பதால் உள்ளே ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும். ஈரம் இழுக்கும் கால்சியம் குளோரைடு டப்பா ஒன்றை மூலையில் வைத்து, பக்கெட் இல்லாத நாட்களில் கதவை ஒரு கட்டை வைத்துத் திறந்தே விடவேண்டும்.